மரக்கட்டைக்கு ரெசினும் சாயமும் ஏற்றுவது: வாத்து ஊதல் கடைபவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது அமெரிக்காவில், ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பென்டன்வில் பக்கம். பகலில் கணினி வேலை, சனி ஞாயிறு கராஜில் கடைசல். பேனாவில் ஆரம்பித்தேன், பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர் என்பதால் ஊதலுக்குத் தாவிவிட்டேன். வேட்டைக்கு நான் போவதில்லை, கடைவதோடு சரி. பொங்கல் விழாவில் ஒரு மேசை போட்டு நாலு ஊதலைப் பரப்பி வைத்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்பது வருஷா வருஷம் அதே கேள்விகள். கடைசல் தெரிந்த நண்பர்கள் வாட்ஸப்பில் கேட்பதும் ஏறக்குறைய அவையேதான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் தொண்டை மிச்சம்.

"டக் கால்" என்றால் வாத்துக் காலா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான், சிரிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன். இந்தக் "கால்" கூப்பிடுகிற கால். பறவையோ விலங்கோ தன் இனத்தின் குரல் என்று நம்பி அருகே வரும்படி ஒலி எழுப்பும் சாதனம். குழப்பம் வேண்டாம் என்று இங்கே ஊதல் என்றே எழுதுகிறேன்.

வாத்து ஊதலில் இரண்டு பாகம். வெளியே குழல், அதற்குள் இறுக்கமாக நுழையும் செருகி. செருகியின் உள்முனையில் வளைவாகச் சீவிய ஒலிப்பலகை, அதன் மேல் மைலார் என்ற பிளாஸ்டிக்கில் மெல்லிய தகடு, தகட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு தக்கை ஆப்பு. அந்தத் தகடுதான் சீவாளி. நாதஸ்வரத்தில் சீவாளி உதட்டில் இருக்கும், இங்கே குழலுக்குள் ஒளிந்திருக்கும். மானுக்கு உறுமல் குழல், வான்கோழிக்கு உரசும் பெட்டி என்று வேறு வகைகளும் உண்டு.

ஒரு வாத்தைக் கூப்பிட இவ்வளவு ஜிகினாவா? மூங்கில் குழல் போதாதா?

வாத்துக்குப் போதும். ஆனால் வாங்குவது வாத்து இல்லையே.

இந்த மாநிலத்தில் இது ஒரு பண்பாடு. அமெரிக்காவில் அதிகமாக நெல் விளைவது ஆர்கன்சாஸில்தான். அறுவடைக்குப் பின் தண்ணீர் தேங்கிய வயல்களில் குளிர்காலத்துக்கு வாத்துகள் வந்து இறங்கும். அந்த நெல் பூமியின் நடுவே உள்ள ஸ்டட்கார்ட் என்ற சிற்றூரில் 1936 முதல் உலக வாத்து ஊதல் போட்டி நடக்கிறது. முதல்முறை அங்கே போனபோது தாளடி அறுத்த வயலும் தண்ணீரும் வாத்துக் கூட்டமும் தஞ்சாவூர்ப் பக்கத்தை அப்படியே நினைவுபடுத்தின. எங்கள் ஊரில் வாத்து மேய்ப்பவர் குச்சியோடு பின்னால் நடப்பார், இங்கே ஊதலோடு ஒளிந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தாத்தாவின் ஊதலைப் பேரன் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிற ஊரில் மரத்தின் அழகுக்கு நிச்சயம் விலை உண்டு.

ஸ்டெபிலைஸ் பண்றதுன்னா என்ன? வார்னிஷ் மாதிரிதானே?

இல்லை. வார்னிஷ் தோலோடு நின்றுவிடும். இது மரத்தின் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, அந்த இடத்தில் தண்ணீர் போன்ற ரெசினை நிரப்பி, சூட்டில் இறுக வைப்பது. முடிந்தபின் கட்டை பாதி மரம், பாதி பிளாஸ்டிக்.

உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு. எந்த மரமானாலும் அதன் செல் சுவர் மட்டும் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம். மரத்துக்கு மரம் கனம் மாறுவது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால்தான். 0.5 அடர்த்தியுள்ள மரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மரம், மிச்சம் வெறும் இடம். அதில்தான் ரெசின் குடியேறப் போகிறது.

ஊதலுக்கு இதனால் என்ன லாபம்? ஊதுகிறவரின் மூச்சில் ஈரமும் எச்சிலும் உண்டு. பனிக்காலத்து விடியற்காலையில், சதுப்பில் நின்றுகொண்டு மணிக்கணக்கில் ஊதுவார்கள். சாதா மரச் செருகி ஈரத்தில் உப்பிக் குழலுக்குள் இறுகிக்கொள்ளும், காய்ந்ததும் சுருங்கிக் கழன்று விழும். ஒலிப்பலகையின் வளைவு தலைமுடி அளவு மாறினாலும் குரல் மாறிவிடும். ரெசின் ஏறிய கட்டை இந்த ஆட்டத்தைப் பெருமளவு நிறுத்தும். இன்னொரு லாபம், பாதி உளுத்த, விரலால் அழுத்தினால் குழிகிற அழகான கட்டையைக்கூடக் கடைய முடியும்.

அப்போ எல்லா மரத்துக்கும் செய்யணுமா?

வேண்டாம். வைரம் பாய்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை விட்டுவிடுங்கள். கொக்கோபோலோ, ஆப்பிரிக்கக் கருமரம், பாலைவன இரும்புமரம், தேக்கு எல்லாம் அந்த ரகம். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1.1 அடர்த்தியுள்ள கொக்கோபோலோவில் வெற்றிடம் கால் பங்கு சொச்சம்தான். அதிலும் அதன் எண்ணெய் ரெசினைச் சரியாக இறுக விடாது. பணமும் நேரமும் வீண்.

இங்குள்ளவர்கள் போடார்க் என்று சொல்லும் ஓசேஜ் ஆரஞ்சு மரம் இன்னொரு வேடிக்கை. கணக்குப்படி உள்ளே நிறைய இடம் இருக்கிறது, ஆனால் அதன் நாளங்களை மரமே உள்ளிருந்து அடைத்து வைத்திருக்கிறது. ரெசின் வாசலிலேயே நின்றுவிடும். ஊதலுக்கு அது இயற்கையாகவே நல்ல மரம், அப்படியே கடையலாம்.

ரெசின் குடிக்கிற மரங்கள் என்றால் பாக்ஸ் எல்டர், மேப்பிள், பக்கை. அதிலும் மரத்தில் கட்டிபோலப் புடைத்து வளரும் கழலைப் பகுதியும், பூஞ்சை படர்ந்து கறுப்புக் கோடு விழுந்த கட்டையும் கிடைத்தால் விடாதீர்கள்.

ஊரிலிருந்து புளியங்கட்டை கொண்டு வந்தா ஆகுமா?

புளிய மரத்தின் நடு வைரம் கறுத்து, கல் மாதிரி இருக்கும். அதற்கு ரெசின் தேவையில்லை. வெளிப்பக்க வெளிறுதான் சுவாரசியம். வெட்டிப்போட்ட மரத்தில் பூஞ்சை படர்ந்தால் வெளிர் மஞ்சள் மேல் மசியால் வரைந்த மாதிரிக் கறுப்புக் கோடுகள் ஓடும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் அப்படிப்பட்ட புளியங்கட்டைக்கு இங்கே கடைசல்காரர்களிடம் நல்ல கிராக்கி. நம் ஊரில் அதே கட்டையை விறகுக் கடையில் எடை போட்டு விற்கிறார்கள். பூஞ்சைப் பகுதி மென்மையாக இருப்பதால் ரெசின் நன்றாக ஏறும். ஆனால் பெட்டியில் போட்டு எடுத்து வராதீர்கள். மரத்தோடு பூச்சி வரும் என்று விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

என்னென்ன சாமான் வாங்கணும்?

வாக்குவம் பம்ப், ஏசி மெக்கானிக் வைத்திருப்பாரே அதேதான், இரண்டு கட்டம் கொண்டதாக இருந்தால் நல்லது. தடித்த சுவரும் மூடியும் உள்ள வாக்குவம் ஜாடி. சூட்டில் இறுகும் ரெசின், இங்கே பரவலாகக் கிடைப்பது காக்டஸ் ஜூஸ் என்ற பிராண்ட். ஒரு பழைய டோஸ்டர் ஓவன், அதற்குள் தொங்கவிடத் தனி வெப்பமானி, ஏனென்றால் ஓவனின் திருகு காட்டும் எண்ணை நம்ப முடியாது. அலுமினியத் தாள், ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை, நைட்ரைல் கையுறை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு வாங்குங்கள். இந்தப் பட்டியலில் மலிவான சாமான்களில் அதுவும் ஒன்று. என்னைக் கேட்டால் பம்பைவிட அது முக்கியம், ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

வீட்டில பிரஷர் குக்கர் சும்மா கிடக்கு, அதை வெச்சு ஒப்பேத்தலாமா அண்ணா?

கூடாது. குக்கர் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. மூடியும் கேஸ்கட்டும் அந்தத் திசையில் அழுந்தினால்தான் பிடிக்கும். இங்கே எல்லாம் தலைகீழ், வெளிக்காற்று உள்ளே அமுக்கும். 25 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியில் முழு வாக்குவம் இழுத்தால் அதன் மேல் விழும் சுமை சுமார் அரை டன். நாலைந்து பேர் இல்லை, ஏழெட்டுப் பேர் ஏறி நிற்கிற பாரம்.

ஊறுகாய் ஜாடி, காபிக் குடுவை என்று கண்ணாடியில் முயல்கிறவர்களும் உண்டு. உடைந்தால் உள்நோக்கி நொறுங்கி அப்புறம் நாலா பக்கமும் தெறிக்கும். வாக்குவத்துக்கென்றே செய்த ஜாடி வாங்குங்கள். மூடி அக்ரிலிக் என்றால் அசிட்டோன், ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டு ஒரு நாள் கைவிட்டுவிடும்.

கட்டை ரெண்டு வருஷமா ஷெட்ல காயுது. இன்னுமா காயவைக்கணும்?

ஆமாம். தொண்ணூறு சதவீதம் தோல்வி இந்த இடத்தில்தான், என்னுடையதும் சேர்த்து.

காற்றில் காயும் மரம் ஒருநாளும் முழுதாகக் காயாது. சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமரசமாகி நின்றுவிடும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரத்தில் சுமார் 12 சதவீதம் ஈரம் தங்கும். மேசை நாற்காலிக்கு அது காய்ந்த மரம். ரெசினுக்கு அது ஈர மரம். ரெசின் போக வேண்டிய இடத்தில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும், போதாக்குறைக்கு ரெசினை இறுகவும் விடாது. நமக்கு வேண்டியது பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

செய்முறை இது. பச்சை மரத்தை நேரே ஓவனில் வைத்தால் பிளந்துவிடும், முதலில் நிழலில் ஆறப் போட்டு 10, 12 சதவீதத்துக்கு வரட்டும். பிறகு ஓவனில் 104 டிகிரி செல்சியஸில், அதாவது 220 ஃபாரன்ஹீட்டில், குறைந்தது 24 மணி நேரம். எடை போடுங்கள், திரும்ப வையுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடை போடுங்கள். எடை இறங்கிக்கொண்டிருந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. குச்சி குத்திப் பார்க்கும் ஈரமானி இவ்வளவு குறைந்த அளவில் உதவாது.

எடுத்ததும் சூட்டோடு ஜிப் பையில் போட்டு மூடி, பைக்குள்ளேயே ஆறட்டும். திறந்து வைத்தால் அப்பளம் நமுத்துப் போகிற மாதிரிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுச் சுடச்சுட ரெசினில் போட்டுவிடவும் கூடாது. சூட்டில் இறுகும் ரெசின் அது, ஜாடி மொத்தமும் கெட்டியாகத் தொடங்கிவிடும்.

குமிழி நிக்கவே மாட்டேங்குது. எவ்வளவு நேரம் பம்ப் ஓடணும்?

கட்டையின் மேல் ஒரு கனமான இரும்பை வைத்து ரெசினில் முழுக்கடியுங்கள், இல்லாவிட்டால் மிதக்கும். கட்டைக்கு மேல் இரண்டு விரல்கடை ரெசின் நிற்கட்டும், அதற்கு மேல் ஜாடியில் நல்ல காலியிடமும் வேண்டும். முதல் சில நிமிடங்களில் பால் பொங்குவது போல நுரை எழும். வால்வைக் கொஞ்சம் திறந்து பொங்கலை அடக்கி, மெதுவாக முழு வாக்குவத்துக்குக் கொண்டு போங்கள். பம்புக்குள் ரெசின் போய்விட்டால் பம்ப் அவ்வளவுதான். பிறகு குமிழி கிட்டத்தட்ட நிற்கும் வரை ஓடட்டும். மென்மையான கட்டைக்கு ஒன்றிரண்டு மணி, அடர்த்தியானதற்கு அரை நாள்கூட ஆகும்.

நிற்கவே இல்லை என்றால் முந்தின பதிலுக்குப் போங்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும். வாக்குவம் மானியில் 29 அங்குலம் (பாதரசக் கணக்கு, முழு வாக்குவம் என்றால் சுமார் 30) காட்டும்போது தண்ணீர் 25 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். நீங்கள் பார்க்கிற குமிழி காற்றே இல்லை, மரத்துக்குள் கொதிக்கிற தண்ணீர். என் முதல் கட்டை ஆறு மணி நேரம் இப்படிக் கொப்பளித்தது. "அடேயப்பா, எவ்வளவு காற்று" என்று நான் பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெந்தபின் குறுக்கே அறுத்தால், ஓரத்தில் விரல் அகலம் மட்டும் பளபளப்பு, நடுவில் வெளிறிய மரமும் பிசுபிசுப்பும்.

மானி 29 காட்டவில்லையே என்று பம்பைத் திட்டுவதற்கு முன் ஊரின் உயரத்தைப் பாருங்கள். ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். நாங்கள் இருப்பது 1,300 அடி, என் மானி 28.5 தாண்டினதில்லை.

பம்பை நிறுத்தினதும் எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். வாக்குவம் ஓடும்போது காற்று வெளியே வருகிறது, அவ்வளவே. ரெசின் உள்ளே ஏறுவது வாக்குவத்தைத் திறந்துவிட்ட பிறகு, வெளிக்காற்று அழுத்தும்போதுதான். பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரண்டு பங்காவது அப்படியே ஊறட்டும். நான் இரவு முழுக்க விட்டுவிடுகிறேன். ஊறும்போது மேலே வைத்த இரும்பை எடுத்துப் பார்த்தால் கட்டை தானாகவே மூழ்கிக் கிடக்கும், நல்ல சகுனம்.

எவ்வளவு நேரம் வேகணும்? சமையலறை ஓவனே போதுமா?

சமையலறை ஓவன் வேண்டவே வேண்டாம். வாடையும் ஒழுகலும் அதில் ஏறினால் அப்புறம் கேக் சாப்பிட முடியாது, வீட்டில் சமாதானமும் இருக்காது. கராஜில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தனி டோஸ்டர் ஓவனில் செய்யுங்கள்.

கட்டையை வடியவிட்டு, ஒவ்வொன்றையும் அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, 93 டிகிரி செல்சியஸில் (200 ஃபாரன்ஹீட்) வையுங்கள். ஊதல் அளவுக் கட்டைக்கு ஒன்றரை மணி என்பார்கள், நான் இரண்டரை விடுகிறேன். நடு வயிறு அந்தச் சூட்டை எட்டினால்தான் உள்ளே இறுகும், அதிக நேரம் இருந்தால் கெடுதல் இல்லை. தாள் சுற்றுவது வெறும் அழுக்குக்காக இல்லை. இந்த வகை ரெசின் காற்றுப் படும் இடத்தில் ஒழுங்காக இறுகாது, ஒட்டும். வெளியே கசிந்து கட்டியான பிசின் மாதிரி நிற்பதை உளியால் தட்டி எடுத்துவிடலாம்.

ரெசின் நடு வரைக்கும் போச்சுன்னு எப்படி நம்பறது?

அறுக்காமல் தெரிந்துகொள்ள ஒரே வழி தராசு. என் நோட்டிலிருந்து ஒரு வரி: பாக்ஸ் எல்டர் கழலை, ஒன்றரை அங்குலச் சதுரம், ஆறு அங்குல நீளம். ஷெட்டிலிருந்து வந்தபோது 124 கிராம். ஓவனில் காய்ந்தபின் 111. வெந்து சுரண்டியபின் 212. அதாவது 101 கிராம் ரெசின், காய்ந்த எடையில் 91 சதவீதம். அந்த வகைக் கட்டைக்கு அது அருமையான எண். அதே நாள் அதே ஜாடியில் கிடந்த கடினமான மேப்பிள் 40 சதவீதம் சொச்சம்தான் ஏற்றது, அதுவும் அந்த மரத்துக்கு நியாயமே. ஒரே மரத்தின் இரண்டு கட்டையில் ஒன்று 90, மற்றொன்று 30 என்றால் இரண்டாவதில் ஏதோ கோளாறு.

பென்சிலால் கட்டையில் எண் எழுதி வைக்காதீர்கள், சாயத்தில் மறைந்துவிடும். உளியால் கோடு கீறுங்கள்.

சாயம் எப்போ போடணும்? துணிச் சாயம், கலர் பொடி எல்லாம் ஆகுமா?

ரெசினிலேயே கலந்துவிடுவது நல்லது. ரெசினுக்கென்று விற்கும் சாயத்தைத்தான் கலக்க வேண்டும். துணிச் சாயம் தண்ணீரில் கரைவது, தண்ணீர் நமக்கு எதிரி என்று இதற்குள் மனப்பாடம் ஆகியிருக்கும். கோலப்பொடி, மைக்காப் பொடி போன்றவை கரையவே கரையாது. அவை துகள். மரம் வடிகட்டி மாதிரி அந்தத் துகளை வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஸ்பிரிட்டில் கரையும் சாயத்தை முதலில் கட்டையில் தடவி, ஸ்பிரிட் முழுக்கப் பறந்தபின் நிறமில்லா ரெசினில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் சாயம் கழன்று ரெசின் மொத்தமும் நிறம் மாறும். நான் அதை விட்டுவிட்டேன்.

நிறத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே கலக்குங்கள். ஜாடியில் பார்க்கும் நிறம் மரத்தில் வெளுத்துத் தெரியும். மரத்துக்கும் சொந்த நிறம் உண்டு, மஞ்சள் மரத்தில் நீலம் ஏற்றினால் பச்சைதான் வரும்.

வெளியே அட்டகாசமான நீலம், கடைஞ்சா உள்ளே வெள்ளை. ஏமாந்துட்டேனா?

முதலில் எடையைப் பாருங்கள். எடை ஏறியிருந்தால் ரெசின் போயிருக்கிறது, சாயம்தான் பின்தங்கிவிட்டது. மரச்சுவர் போகிற வழியில் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், நடுவுக்குப் போவதற்குள் ரெசின் நிறம் இழந்துவிடும். மசித்தாளில் மசி பரவும்போது ஓரத்தில் தண்ணீர் மட்டும் முன்னால் ஓடுமே, அதே கதை. எடையே ஏறவில்லை என்றால் ஈரம் அல்லது அவசரம்.

இதற்கு நான் கண்ட நல்ல மருந்து, சாயத்தில் போடும் முன்பே குழலின் நடுவே சின்னத் துளை போட்டுவிடுவது. எப்படியும் துளைக்கப் போகிற இடம்தானே. உள்ளிருந்தும் வெளியிருந்தும் சாயம் நடந்து வரும் தூரம் பாதியாகிவிடும். காயும்போது துளை கொஞ்சம் கோணும், அதனால் கடைசி அளவைவிடச் சிறிதாகப் போடுங்கள்.

ஒரே கட்டையில ரெண்டு நிறம் கலக்காம எப்படி நிக்குது?

மரத்தில் மென்மையான இடம், கடினமான இடம் இரண்டும் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்வது. முதல் நிறத்தில் முழு வாக்குவம் இழுக்காமல் கொஞ்ச நேரம் மட்டும் குறைவாக இழுத்து, சுருக்கமாக ஊறவைத்து, வேகவைத்துவிடுங்கள். மென்மையான இடங்கள் முந்திக்கொண்டு நிறத்தைக் குடித்துவிடும். அங்கே ரெசின் இறுகிவிட்டதால் இனி எதுவும் போகாது. பிறகு எல்லாப் பக்கமும் உப்புத்தாள் போட்டு மூடிய துளைகளைத் திறந்து, இரண்டாம் நிறத்தில் முழு வாக்குவம், முழு ஊறல். மிச்ச இடம் அந்த நிறத்துக்கு.

முதலில் கரு நீலம், பிறகு ஆரஞ்சு என்று வைத்தால் கழலையின் மென்மையான இடங்கள் ஆரஞ்சு நெருப்பில் நீலத் திட்டாக மிதக்கும். சில சமயம் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராகவும் வரும். மூன்று நிறம் முயன்றவர்கள் உண்டு. நான் முயன்றபோது பழைய சாணித் தரை நிறத்தில் வந்தது.

மிச்ச சாய ரெசினை ஒரே டப்பாவில் கொட்டி வைக்கலாமா?

கொட்டினால் எல்லாம் சேர்ந்து அதே சாணித் தரை நிறம்தான். நிறத்துக்கு ஒரு டப்பா, வலைத்துணியில் வடிகட்டி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். டப்பாவைக் கழுத்து வரை நிரப்பாதீர்கள். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தால்தான் ரெசின் தானாக இறுகாமல் இருக்கும். ஜாடியிலேயே வாக்குவத்தில் மூடி வைத்துவிட்டுப் போவது அதனால்தான் தப்பு.

வீணானதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அலுமினியத் தாள் தட்டில் ஊற்றி வேகவைத்து, கட்டியானபின் குப்பையில் போடுங்கள்.

இந்த நிறம் வெளுத்துப் போகாதா?

வெயிலில் வைத்தால் வெளுக்கும், இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில். காரின் முன் கண்ணாடியில் ஊதலைத் தொங்கவிடாதீர்கள் என்று வாங்குகிறவரிடம் சொல்லிவிடுகிறேன். பாக்ஸ் எல்டரின் இயற்கையான சிவப்புத் தீற்றலும் நாளடைவில் பழுப்பாகிவிடும், ரெசின் அதைக் காப்பாற்றாது.

கட்டையில இருக்கிற விரிசல், ஓட்டை எல்லாம் ரெசின் அடைச்சிடும்தானே?

அடைக்காது. தண்ணீர் போல ஓடுகிற ரெசின், நுண்துளையில் தங்கும், பெரிய ஓட்டையிலிருந்து வடிந்து ஓடிவிடும். ஓட்டைக்கு வார்ப்பு ரெசின் வேறு. முதலில் ஸ்டெபிலைஸ் செய்து வேகவைத்து, பிறகு அச்சில் வைத்து வார்ப்பு ரெசினை ஊற்றி, இம்முறை வாக்குவத்துக்குப் பதில் அழுத்தப் பானையில் வைப்பார்கள். வரிசையை மாற்றினால் வார்ப்பு ரெசின் வாசலை மூடிவிடும்.

இந்த ரெசின் விலை கட்டுப்படியாகல. எபாக்ஸி, பாலியூரித்தேன் வார்னிஷ் வெச்சு முடியாதா?

எபாக்ஸி தேன் மாதிரி, உள்ளே போவதற்குள் இறுகத் தொடங்கும். வார்னிஷ் உள்ளே போகும், ஆனால் அது காய்வதற்குக் காற்று வேண்டும். நடு மரத்தில் காற்று ஏது? மாதக் கணக்கில் ஈரமாகவே கிடக்கும், கடையும்போது உளியில் ஒட்டும். உளுத்த ஓரத்தை மட்டும் கெட்டிப்படுத்த வேண்டும் என்றால் மெல்லிய சூப்பர் குளூ சொட்டு விடலாம், அதற்குப் பெயர் ஸ்டெபிலைஸ் இல்லை.

ரெசின் ஏத்தினா மரத்தோட குரல் போயிடும்னு சொல்றாங்களே?

மாறும், போகாது. சாதா மரம் கொஞ்சம் மென்மையாக, தணிந்து ஒலிக்கும். ரெசின் ஏறியது அக்ரிலிக் பக்கம் நகர்ந்து கூர்மையாகவும் உரக்கவும் இருக்கும். ஆனால் வாத்து ஊதலின் குரலை முடிவு செய்வது ஒலிப்பலகையின் வளைவும் சீவாளியின் கனமும் நீளமும்தான். குழலின் மரத்துக்குப் பங்கு இருக்கிறது, பெரிய பங்கு இல்லை என்பது என் காது சொல்வது. இதில் எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.

வான்கோழிப் பெட்டிக்கும் இதையே செய்யலாமா?

செய்யாதீர்கள். அது உரசல் கருவி. மெல்லிய மரப்பெட்டியின் விளிம்பில் சாக்கட்டி தடவி, மூடியை இழுத்தால் பெட்டி அதிர்ந்து கத்தும். இதற்குக் காப்புரிமை வாங்கியவரும் ஆர்கன்சாஸ்காரர்தான், டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன், 1897-இல். அதிர வேண்டிய பலகையில் ரெசினை நிரப்பினால் கனம் ஏறி ஊமையாகிவிடும், சாக்கட்டியும் பிடிக்காது. அதற்கு நன்றாகக் காய்ந்த சாதா மரமே சரி. வான்கோழிக்கே குச்சியால் உரசும் வேறு கருவியும் உண்டு, அந்தக் குச்சியின் கைப்பிடிக்கு வேண்டுமானால் சாயக் கட்டை போட்டு அழகு பார்க்கலாம்.

வாயில வைக்கிற பொருள். இவ்வளவு கெமிக்கல் ஆபத்தில்லையா?

முழுக்க இறுகிய ரெசின் பிளாஸ்டிக் மாதிரி. ஆபத்து இறுகாததில். முதல் கட்டையில் எனக்கு வந்த பிசுபிசுப்பு மாதிரி வந்தால் அது குப்பைக்கு, உதட்டுக்கு இல்லை. அறுத்த முகத்தை முகர்ந்து பாருங்கள், ரெசின் வாடை குப்பென்று வந்தால் திரும்ப வேகவையுங்கள்.

உண்மையில் ஆபத்து செய்கிறவருக்குத்தான். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை கிளம்பினால் பிறகு ஜென்மத்துக்கும் போகாது. கையுறை கட்டாயம். கடையும்போது வரும் பிளாஸ்டிக் தூளோடு, கறுப்புக் கோட்டுக் கட்டையில் பூஞ்சைத் தூளும் சேர்ந்து வரும். முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். மாஸ்க் எங்கே என்று தேடிக்கொண்டே "இந்த ஒரு கட்டைதானே" என்று நானும் கடைந்திருக்கிறேன், ஒரு வாரம் இருமல்.

எல்லாம் சரியா வந்து, துளை போடும்போது பிளந்துடுச்சு. ஏன்?

சூடு. ரெசின் ஏறிய கட்டையில் துருவல் வெளியே வராமல் துரப்பணத்தில் அப்பிக்கொள்ளும், உரசிச் சூடேறும், கட்டை வெடிக்கும். புதிதாகத் தீட்டிய துரப்பணம், குறைந்த வேகம், அரை அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் துருவலைத் தட்டுங்கள். மறுமுனையில் வெளிவரும் இடம்தான் அதிகம் பிளக்கும், கட்டையை அரை அங்குலம் நீளமாக விட்டு, துளைத்தபின் அந்த நுனியை அறுத்துவிடுங்கள்.

ஸ்டெபிலைஸ் செஞ்சதுன்னு போட்டு விக்கிறாங்களே, அதையே வாங்கிடலாமா?

பம்ப் வாங்குமுன் நாலு கட்டை அப்படி வாங்கிக் கடைந்து பாருங்கள், பிடித்திருந்தால் இறங்குங்கள். ஆனால் பெயருக்கு ரெசினில் முக்கி எடுத்ததும் விற்பனைக்கு வருகிறது. ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய பச்சை நிறக் கட்டை கையில் தக்கை மாதிரி இருந்தது. அறுத்தால் நிறம் காகித அளவு கூட இல்லை. கனம் பாருங்கள். முனையில் ஒரு துண்டு அறுத்து, உப்புத்தாள் போட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் சரி, உறிஞ்சிக்கொண்டால் திருப்பி அனுப்புங்கள்.

ஒண்ணை ஊருக்குக் கொண்டு போய் ஏரிக்கரையில ஊதிப் பார்க்கலாமா?

கொலு பொம்மைக்குப் பக்கத்தில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவை வேட்டை கூடாது. வேடந்தாங்கல் மாதிரி இடத்தில் பறவையைத் தொந்தரவு செய்வதும் குற்றம். இங்கேயும்கூட இஷ்டத்துக்கு ஊத முடியாது. வாத்து வேட்டையில் வாயால் ஊதும் கருவிக்கு அனுமதி, பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போடுவதற்குப் பொதுவாகத் தடை.

நாதஸ்வரத்துக்கு இதைச் செஞ்சா என்ன?

இதைக் கேட்டவர் என் அப்பா, கும்பகோணத்துக்காரர். நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைவது ஆச்சா மரத்தில். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற கனம், அதனால் நாலாவது கேள்வியில் சொன்ன கணக்கு இங்கேயும் பொருந்தும், ரெசினுக்கு உள்ளே அதிகம் இடம் இருக்காது. காயவைக்கும் வேலையையும் அவர்கள் ஓவனிடம் விடவில்லை. இடித்த பழைய வீடுகளின் உத்தரமும் தூணுமாகத் தேடி வாங்கி வந்து கடைகிறார்கள். பல தலைமுறை கூரைக்கடியில் நின்று காய்ந்த மரம் அது, புது மரம் மாதிரி அது அவ்வளவாக உப்பவும் சுருங்கவும் செய்யாது.

அப்பா என் நீல ஊதலை வாங்கி ஒருமுறை ஊதிவிட்டு, "சீவாளியை மாத்தச் சொல்லு, கட்டை நல்லாத்தான் இருக்கு" என்றார். மாற்றினேன். 0.014 அங்குலத் தகட்டை எடுத்துவிட்டு 0.010 போட்டேன், தேவலை.